சேர்த்து வைத்தது 1,140 ஆல்பம், உண்மையில் கேட்டது எத்தனை?

வெள்ளவத்தை விசிறி
செவ்வாய், இரவு 10.42

நேற்று இரவு சாப்பிட்டு முடித்து, ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்கலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது ஒன்பது மணி. பதினொன்றேகாலுக்குக் கழற்றியபோது முழுதாகக் கேட்ட பாட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டேகால் மணித்தியாலமும் தேடியிருக்கிறேன். ஒரு பாட்டின் முதல் நாற்பது செக்கன், "நல்லாயிருக்கு, பிறகு பார்ப்போம்" என்று ஓர் இதயக் குறி, அடுத்தது. அந்தப் பாடகரின் பழைய ஆல்பங்கள், அவருக்கு வாசித்த கிட்டார்க்காரர், அந்தக் கிட்டார்க்காரர் முன்பு இருந்த குழு. எல்லாவற்றையும் சேமித்துவிட்டேன். "பிறகு கேட்க" என்ற பட்டியலில் இப்போது 1,140 ஆல்பம் நிற்கிறது.

2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தபோது என்னளவு சந்தோஷப்பட்டவன் வெள்ளவத்தையில் இருந்திருக்க மாட்டான். அதற்கு முன் நல்ல ஆல்பம் ஒன்று கையில் கிடைத்தால் மாதக் கணக்கில் அதையே போட்டுத் தேய்ப்பேன். பல்கலைக்கழகக் காலத்தில் தேய்த்த ஐந்தாறு ஆல்பங்களில் பாடகர் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார் என்பது வரை இன்றைக்கும் தெரியும். போன மாதம் "அருமை" என்று குறி போட்டதன் பெயர் நினைவில் இல்லை.

வேலை கோட்டையில். போகவர 100 அல்லது 101 பஸ், காலி வீதி நெரிசலில் ஒரு பக்கம் முக்கால் மணித்தியாலம். அதைவிட இரவில் ஒரு மணித்தியாலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இதற்குள் புதியதைத் தேடவும் வேண்டும், தேடியதைக் கேட்கவும் வேண்டும். நீங்கள் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? "உங்களுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது, பாட்டுப் பொறுக்கத்தான் தெரியும்" என்று மனைவி சொல்கிறாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.


எக்செல் தம்பி
செவ்வாய், இரவு 11.15

அண்ணை, முதலில் கணக்கைப் பார்ப்போம். (வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.)

ஒரு ஆல்பம் 45 நிமிடம் என்று வைத்தால் உங்கள் 1,140க்கு 855 மணித்தியாலம் வேண்டும். பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், ஆக ஏழரை மணித்தியாலம். 855ஐ அதால் பிரித்தால் 114 கிழமை. அதாவது இன்றிலிருந்து ஒன்றையும் புதிதாகச் சேர்க்காமல், பஸ்ஸில் தூங்காமல், பக்கத்து சீட்காரருடன் கதைக்காமல் இருந்தால், எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டு முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல். ஒரே ஒரு தடவைதான்.

முழுக் கடலையும் பார்க்க ஆசையென்றால், ஸ்பொட்டிஃபையில் 10 கோடிக்கு மேல் பாட்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மூன்று நிமிடம் போட்டாலும் 570 வருடம். இரவு பகல் கண் மூடாமல்.

இன்னொன்று. 30 செக்கன் தாண்டினால் ஸ்பொட்டிஃபை அதைக் "கேட்டாயிற்று" என்று எண்ணிவிடும். உங்கள் நாற்பது செக்கன்கள் எல்லாம் அங்கே முழுதாகக் கேட்டதாகவே பதிவாகியிருக்கின்றன. நான் வருடக்கணக்காக லாஸ்ட் எஃப்எம் வைத்திருக்கிறேன், கேட்கிற பாட்டை எல்லாம் எண்ணி வைக்கிற தளம். அது கொஞ்சம் கண்டிப்பு: பாட்டில் பாதி ஓட வேண்டும், அல்லது நாலு நிமிடம், எது முதலில் வருகிறதோ அது. அந்தக் கண்டிப்பான கணக்கிலேயே போன வருடம் நான் கேட்டவற்றில் முக்கால்வாசிப் பாட்டுக்குப் பக்கத்தில் 1 என்றுதான் நிற்கிறது. ஒரு தடவை வந்து போன விருந்தாளிகள். அதைப் பார்த்த அன்று கொஞ்சம் கவலையாக இருந்தது.


மாளிகாவத்தை நானா
புதன், காலை 6.50

தம்பிமாரே, இந்த வியாதி ஸ்பொட்டிஃபையோடு வந்தது இல்லை. புறக்கோட்டையில் எம்பி3 சீடி விற்க ஆரம்பித்த அன்றே வந்துவிட்டது. ஒரு சீடியில் 150 பாட்டு. அதுவரை ஆறேழு பாட்டுக்குக் காசு கொடுத்த எங்களுக்கு அது பெருநாள் சந்தை மாதிரி இருந்தது. அள்ளிக்கொண்டு வந்தோம்.

நடந்தது என்ன? என்னுடைய பிளேயருக்கு ஞாபகம் கிடையாது. நிறுத்திப் போட்டால் திரும்ப முதலாவது பாட்டிலிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு சீடியிலும் முதல் பன்னிரண்டு பாட்டு எனக்குத் தலைகீழாகப் பாடம். நூற்று முப்பதாவது பாட்டு என்னவென்று இன்று வரை தெரியாது. அந்தச் சீடிகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. உள்ளே என்னென்ன நல்ல பாட்டு தூங்குகிறதோ.


கொட்டாஞ்சேனைக் கிழவர்
புதன், காலை 10.20

வயது எழுபத்தொன்று. பேரன்தான் போனில் தமிழ் எழுத வைத்துத் தந்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் தேடுகிற வேலையை இலங்கை வானொலி பார்த்துக்கொண்டது. நான் பிறக்க முன்பே, 1952இல், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தது. அக்கரைச் சனமும் ரேடியோ முள்ளைத் திருப்பி எங்கள் கொழும்பைத்தான் பிடித்தது. அறிவிப்பாளர்கள் முதலில் மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத். காலையில் "பொங்கும் பூம்புனல்" நிகழ்ச்சி, படுக்கையில் "இரவின் மடியில்". அடுத்தது என்ன பாட்டு என்று நமக்குத் தெரியாது, பிடிக்காவிட்டால் தாண்டவும் முடியாது. மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் வேறு வரும். அப்படிப் பொறுத்திருந்தே பிடித்துப்போன பாட்டுகள் எனக்கு நிறைய.

ஆனால் நாங்கள் ஏதோ ஞானிகள் என்று நினைக்க வேண்டாம். புதுப் பாட்டு ஒன்று வந்தால் முதல் வரியைச் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். அது திரும்ப நாளைக்கும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். கையில் சேர்ந்த பாட்டுக்குப் பக்கத்தில் சரி போடுவேன். மூன்று கொப்பி அலுமாரியில் இருக்கிறது. இந்தத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எடுத்து எண்ணினேன். 612 பாட்டு. சரி விழுந்தது பாதிகூட இல்லை.

ஆகவே தம்பி, பட்டியல் உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. எனக்குக் கிடைக்காததால் எழுதினேன். உங்களுக்கு எல்லாம் கிடைப்பதால் எழுதுகிறீர்கள். முடிவில் இரண்டு பேரும் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி விழுந்த பாட்டுகள் எப்படிக் கையில் வந்தன என்றும் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பதிந்து தரும் கடைக்கு ஒரு சி-60 கசற்றையும் பட்டியலையும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் முப்பது நிமிடம், அதற்குள் ஏழு பாட்டு, இழுத்துப் பிடித்தால் எட்டு. அந்தப் பதினைந்தைத் தெரிவுசெய்ய ஒரு கிழமை எடுப்பேன். ஒன்றை எழுதி, வெட்டி, திரும்ப எழுதி. பி பக்கத்துக் கடைசிப் பாட்டு அநேகமாக நாடா முடிந்து நடுவில் நிற்கும். அப்படி ஒரு பாட்டு எனக்கு இரண்டாம் சரணத்தில் அறுந்தது. இருபது வருடம் கழித்து முழுப் பாட்டையும் கேட்கக் கிடைத்தது. அறுந்த இடத்துக்குப் பிறகு யாரோ அந்நியர் பாடுவதுபோல இருந்தது. இன்றைக்கும் எனக்கு அந்தப் பாட்டு அந்த இடத்தோடு முடிந்துவிடும்.


ட்ரெயின் ஜன்னல்
புதன், பகல் 1.05

ஐயா, அந்த அறுந்த பாட்டுக்காகவே இந்த இழையைச் சேமித்துவிட்டேன். (பார்த்தீர்களா, இதையும் சேமிக்கிறேன்.)

தெகிவளையிலிருந்து கோட்டைக்கு ட்ரெயினில் போகிறவள் நான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இரவில் எங்கள் பக்கம் சிக்னலும் படுத்துவிடும். போனில் இறக்கி வைத்திருந்தது மொத்தம் பதினொரு பாட்டு, அதுவும் எப்போதோ ஒரு பயணத்துக்காக அவசரமாக எடுத்தது. அந்தப் பதினொன்றையும் நுளம்புத்திரிப் புகைக்குள், சார்ஜ் போய்விடுமோ என்ற பயத்தோடு, திரும்பத் திரும்பக் கேட்டோம். தங்கச்சிக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது.

அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். எரிவாயு வரிசையில் அம்மா நின்றது மறக்காது. ஆனால் கடந்த ஐந்து வருடத்தில் நான் உண்மையாக அறிந்த பாட்டுகள் எவை என்று கேட்டால், அந்தப் பதினொன்றும்தான்.

இப்போது என் வழக்கம் இதுதான். திங்கட்கிழமை ஸ்பொட்டிஃபை செயலி தரும் முப்பது பாட்டுப் பட்டியலைப் போய்வரும் ட்ரெயினில் ஓட விடுவேன். அதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மட்டும் வைத்துக்கொள்வேன். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அவைதான், கூடவே பழையவை. மிச்சம் இருபத்தெட்டையும் பார்க்கவே மாட்டேன். முதல் மாதம் கை அரித்தது, பிறகு பழகிவிட்டது. சில நாள் ட்ரெயினில் றபான் மேளத்தோடு பாடிக்கொண்டு வரும் கண் தெரியாத ஐயா ஏறுவார். அப்போது ஹெட்போனைக் கழற்றிவிடுவேன். அவர் பாடுகிற சிங்களப் பாட்டுகளில் நாலு எனக்கு இப்போது பாடம்.


வயலின் டீச்சர்
புதன், மாலை 5.40

பம்பலப்பிட்டியில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வர்ணம் என்ற பயிற்சி உருப்படி ஒன்றைப் படிக்க ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும். முதலாம் காலம், இரண்டாம் காலம் என்று வேகத்தைக் கூட்டி, தேய்த்துத் தேய்த்து வந்தால்தான் விரலுக்குள் இறங்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இரண்டாம் கிழமையே "டீச்சர், அடுத்தது என்ன?" என்று கேட்பார்கள். யூடியூபில் அடுத்தது தானாக வந்து விழுகிறதே, அவர்களைக் குறைசொல்ல முடியாது.

கேட்பதும் அப்படித்தான் என்பது என் எண்ணம். முதல் தடவை கேட்டால் மெட்டு தெரியும். ஒரு ஸ்வரம் நேராக நிற்கிறதா, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு அசைந்து வருகிறதா என்பது பத்தாம் தடவையில்தான் காதில் விழும். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை ஒருவர் எப்படி அசைக்கிறார் என்று நாற்பது செக்கனில் யாருக்கு விளங்கும்? முதல் நாற்பது செக்கனில் ஆலாபனை மூச்சு விடக்கூடத் தொடங்கியிருக்காது.

கிழவர் ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அந்தக் காலத்துச் சனம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம். கச்சேரியில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி மண்டபம் எழுந்து வடை தின்னப் போகும். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாண்டிப் போகும் பொத்தான் அப்போதும் இருந்தது. அது கன்டீன் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.


கொட்டாஞ்சேனைக் கிழவர்
புதன், மாலை 6.15

டீச்சர் சொன்னது சரி. அந்த வடை தின்னப் போனவர்களில் நானும் ஒருவன். உளுந்து வடை, சம்பலோடு.


மலைக்காற்று
புதன், இரவு 9.30

எல்லோரும் ஒரே பக்கமாகக் கதைக்கிறீங்க, அதனால நான் மறுபக்கம் நிற்கிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் ரேடியோ போட்டால் பத்து வீட்டுக்கும் அதுதான் பாட்டு. எனக்கென்று தெரிவு ஒன்றும் இருக்கவில்லை. பதினெட்டு வயதில் வத்தளைக்கு வேலைக்கு வந்து, கையில் ஒரு ஸ்மார்ட்போன் கிடைத்த பிறகுதான் உலகத்தில் இவ்வளவு பாட்டு இருக்கிறது என்றே தெரியும். அப்படிப்பட்டவனிடம் வந்து "ஒரே பாட்டை மூன்று மாதம் கேள்" என்றால் எப்படி டீச்சர்? பசித்து வந்தவனிடம் மெல்ல மென்று சாப்பிடச் சொல்வது மாதிரி இருக்கிறது. வர்ணம் படிக்க வசதி இருந்தவர்களுக்கு அது சரி.

எனக்குத் தேடுவதே ஒரு சுகம். போன வருடம் மாலி நாட்டு அலி ஃபர்க்கா தூரே வாசித்த கிட்டாரில் தொடங்கினேன். அங்கிருந்து பக்கத்து நாடு செனகல். அங்கே சபார் என்று ஒரு மேளம். ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. குச்சி அடி கூர்மையாக விழும், கை அடி தடிப்பாக விழும், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதுபோல இருக்கும். எங்கள் தப்பு மேளமும் இரண்டு குச்சியில் அப்படித்தான் சண்டை பிடிக்கும். தோட்டத்தில் காமன் கூத்து நேரம் தப்புச் சத்தம் கேட்டால் உடம்பு தானாக எழும்பும். ஆப்பிரிக்காவில் ஒருவன் அடிக்க, வத்தளை போர்டிங் அறையில் எனக்கு அதே மாதிரி எழும்பியது. இது அண்ணே சொல்கிற அந்த "வீண் தேடல்" இரண்டு மணித்தியாலத்தில்தான் கிடைத்தது. பட்டியலைப் பூட்டி வைத்திருந்தால் கிடைத்திருக்குமா?


வயலின் டீச்சர்
புதன், இரவு 10.05

தம்பி, வசதி பற்றிச் சொன்னது எனக்குக் குத்தியது. ஆனால் நியாயம், அதை மறுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சபாரைக் கண்டுபிடித்த பிறகு எவ்வளவு நாள் கேட்டீர்கள்?


மலைக்காற்று
புதன், இரவு 10.11

ஆறு கிழமை. வேறு ஒன்றும் போடவில்லை.

சரி, விளங்குது டீச்சர். சிரிக்காதீங்க.


எக்செல் தம்பி
வியாழன், பகல் 12.30

இந்த இடத்தில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லலாம். 1968இல் றொபர்ட் ஸையன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்து மாதிரியான குறிகள், முன்பின் தெரியாத ஆட்களின் முகப்படங்கள் ஆகியவற்றைச் சிலருக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி பார்த்தவற்றையே அவர்கள் நல்லவையாகச் சொன்னார்கள். வேறு ஒரு காரணமும் இல்லை, பழகிப்போனது மட்டும்தான். பாட்டுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். புதுப் பாட்டு முதல் தடவையில் பிடிக்காததற்குப் பாட்டு காரணம் இல்லாமலும் இருக்கலாம்.


மாளிகாவத்தை நானா
வியாழன், பகல் 1.15

அப்படியென்றால் சவர்க்கார விளம்பரப் பாட்டும் எனக்குப் பிடித்த பாட்டா, தம்பி? அதைத்தான் வாழ்க்கையில் அதிகம் கேட்டிருக்கிறேன். கடையில் மகன் அதைப் பாடிக்கொண்டு கணக்கு எழுதுகிறான்.

ஆனால் பழகினால் பிடிக்கும் என்று நீர் சொல்வது பஸ் விசயத்தில் சரி. நான் கடைக்குப் போகிற பஸ்ஸில் கொண்டக்டர் தனக்குப் பிடித்த சிங்களப் பாட்டு இருபதைத்தான் போடுவார். வருடக் கணக்காக அதே இருபது. முதலில் தலையிடியாக இருந்தது. போன நோன்புக்கு லீவு எடுத்து வீட்டில் இருந்தபோது அதில் ஒன்று தானாக வாயில் வந்தது. நானாகத் தேடியிருந்தால் அந்தப் பாட்டை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டேன். செயலிக்கு என் ருசி தெரியும், அதனால் எனக்குப் பிடிக்கக்கூடியதைத்தான் தரும். கொண்டக்டருக்கு என்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.


மட்டுறுத்துநர்
வியாழன், பகல் 2.00

பாட்டு இணைப்புகள் போட்ட ஒன்பது பதிவுகளை "இதைக் கேட்டீர்களா?" இழைக்கு மாற்றியிருக்கிறேன். கேட்கவே நேரமில்லை என்று அழுகிற இழையில் வந்து மேலும் ஒன்பது ஆல்பம் சிபாரிசு செய்வதற்குத் துணிச்சல் வேண்டும்.


வெள்ளவத்தை விசிறி
வியாழன், இரவு 9.50

அந்த ஒன்பதில் ஏழு ஆல்பத்தை நான் ஏற்கெனவே சேமித்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். இப்போது 1,147.

சரி, ஒரு பரிசோதனை. நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு. நாளையிலிருந்து அடுத்த போயா வரை பட்டியலில் ஒன்றும் சேர்ப்பதில்லை. கிழமைக்கு ஒரு ஆல்பம், அதை பஸ்ஸில் மட்டும், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, நடுவில் தாண்டாமல். எங்காவது புதிதாக ஒன்று காதில் விழுந்தால் சீ.ஆர். கொப்பியில் பேனையால் எழுதுவேன். கொப்பி இன்றைக்கே வாங்கிவிட்டேன். ஐயா, உங்கள் வழிதான்.


கொட்டாஞ்சேனைக் கிழவர்
வியாழன், இரவு 10.02

நல்லது. ஆனால் 200 பக்கக் கொப்பி வாங்கினீர்களென்றால் பரிசோதனை இப்போதே தோற்றுவிட்டது. 40 பக்கம் போதும்.


வெள்ளவத்தை விசிறி
நாலு கிழமை கழித்து, வெள்ளி, இரவு 8.30

200 பக்கம்தான் வாங்கியிருந்தேன், ஐயா.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். முதல் கிழமை சுகமாகப் போனது. இரண்டாம் கிழமை புதன்கிழமை தோற்றேன். எனக்குப் பிடித்த ஒருவருடைய புது ஆல்பம் வந்துவிட்டது என்று நண்பன் அனுப்பினான், பொத்தானை அமத்திவிட்டேன். வெட்கத்தோடு எடுத்துவிட்டேன், ஆனால் பஸ்ஸில் அதில் மூன்று பாட்டு கேட்டாயிற்று. இன்னொன்று, பஸ்ஸில் நெருக்கடி என்றால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையைக் காத்துக்கொண்டு நிற்கிறபோது பாட்டு எங்கே மனதில் ஏறும்? இரண்டு நாள் சும்மா ஓடியது, நான் கேட்கவில்லை. ஆகவே எக்செல் தம்பியின் ஏழரை மணித்தியாலக் கணக்கு கடதாசியில் மட்டும்தான். உண்மையில் நாலு வந்தால் பெரிய விசயம்.

மூன்றாம் கிழமைக்கு, பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்த இடத்தில் ஒன்றை எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் சேமித்தது. ஏன் அப்போதே கேட்காமல் விட்டேன் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. முதல் நாற்பது செக்கனில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ஹார்மோனியம் காற்றிழுக்கிற சத்தம் மாத்திரம். திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் சலிப்பாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். புதனும் பெரிதாக ஒன்றுமில்லை. வியாழக்கிழமை பின்னேரம் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ் அசையாமல் நின்றபோது, மூன்றாவது பாட்டில் ஒரு பெண் குரல் பின்னாலிருந்து வந்து ஒரேயொரு சொல்லை மட்டும் பாடகரோடு சேர்ந்து பாடிவிட்டுப் போவதைக் கேட்டேன். பாட்டில் வேறு எங்கும் அவள் இல்லை. திருப்பி வைத்துக் கேட்டேன், இருக்கிறாள். மூன்று நாள் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், கேட்கவேயில்லை.

அந்த ஆல்பத்தை நாலாம் கிழமையும் மாற்றவில்லை. வீட்டிலும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்த மூன்றாம் பாட்டை முணுமுணுத்தாள். கல்யாணம் கட்டி மூன்று வருடத்தில் நான் போட்ட எதையும் அவள் முணுமுணுத்துப் பார்த்ததில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாள்.

கொப்பியில் நாலு கிழமையில் 31 பெயர். இன்றைக்குப் புரட்டினால் அதில் ஒன்பதை ஏன் எழுதினேன் என்றே தெரியவில்லை. வெட்டிவிட்டேன். 1,147 பட்டியலை இன்னும் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை, திறக்கவும் தோன்றவில்லை.


மலைக்காற்று
வெள்ளி, இரவு 8.41

அண்ணே, அந்த ஆல்பம் பெயர் என்ன?


ட்ரெயின் ஜன்னல்
வெள்ளி, இரவு 8.44

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். பெயர்?


எக்செல் தம்பி
வெள்ளி, இரவு 8.45

பெயர் போடுங்கள் அண்ணை.


வெள்ளவத்தை விசிறி
வெள்ளி, இரவு 9.10

சொல்ல மாட்டேன். சொன்னால் மூன்று பேரும் இப்போதே சேமித்துவிட்டு, முதல் நாற்பது செக்கன் ஹார்மோனியத்தைக் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, பிறகு பார்ப்போம்" என்று போய்விடுவீர்கள். எனக்குத் தெரியாதா!

கேட்க விருப்பமானவர்கள் நேரில் வாருங்கள். தனிச்செய்தியில் ஐயாவோடு கதைத்துவிட்டேன். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவர் வீட்டில். முதலில் ஐயாவின் அந்த அறுந்த பாட்டுக் கசற், அதற்குப் பிறகு இது. இரண்டையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை. போன் வெளியே.


கொட்டாஞ்சேனைக் கிழவர்
வெள்ளி, இரவு 9.32

வாருங்கள் பிள்ளைகள். ஆனால் கசற் பிளேயரை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன், பெல்ட் இளகிப் பாட்டு இழுத்து இழுத்துப் பாடுகிறது. முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர் யாராவது ஒரு புது பெல்ட் வாங்கி வர முடியுமா? பழையதின் அளவைப் பேரன் படம் எடுத்து அனுப்புவான்.


மாளிகாவத்தை நானா
வெள்ளி, இரவு 9.40

அது என் கடைக்குப் பக்கத்துத் தெரு. நாளைக்குப் பார்த்து வாங்குகிறேன், இரண்டாக வாங்குகிறேன், ஒன்று அறுந்தாலும் பரவாயில்லை. பிஸ்கட் டின்னையும் கொண்டுவரவா?


கொட்டாஞ்சேனைக் கிழவர்
வெள்ளி, இரவு 9.46

டின் வேண்டாம். வடை வாங்கி வாரும்.